முருகைக் கல்லில் ஐந்து மாடி: ஜித்தாவின் அல்-பலத் வீடுகள் எழும்பிய முறை, படிப்படியாக

ஜித்தாவில் வேலை செய்பவர்களுக்கும் உம்ராவுக்குப் போய் வந்தவர்களுக்கும் அந்நகரின் பழைய பகுதியான அல்-பலத் புதிய பெயரல்ல. துணி, அத்தர், பேரீச்சம்பழம் என்று வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு விரைபவர்கள் பெரும்பாலும் கடைப் பலகைகளின் உயரத்தோடு பார்வையை நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேலே நான்கு ஐந்து அடுக்குகளாக எழுந்து நிற்கும் வெள்ளைச் சுவர்களும், அவற்றில் தொங்கும் மரக்கூண்டுகளும் எப்படி உருவாயின என்பதை, கட்டிய வரிசையிலேயே இந்த வழிகாட்டி விளக்குகிறது. கட்டடக்கலை படிப்பவர்களையும், பழைய கட்டடங்களில் மேற்பார்வை வேலை பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்து, பழுதுபார்க்கும் முறையையும் இறுதியில் சேர்த்திருக்கிறேன்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. கி.பி. 647இல் கலீஃபா உஸ்மான் மக்காவின் துறைமுகமாக ஜித்தாவைத் தேர்ந்தெடுத்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரின் தாக்குதலை எதிர்பார்த்து, எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அந்த மதில் 1947இல் இடிக்கப்பட்டது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் உயரமான வீடுகளில் பல, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, நீராவிக் கப்பல்களில் வந்த ஹஜ் பயணிகளாலும் சரக்காலும் செல்வம் சேர்த்த வணிகக் குடும்பங்கள் கட்டியவை. 2014இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை ‘வரலாற்று ஜித்தா, மக்காவின் வாயில்’ என்ற பெயரில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த வீடுகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால் போதும்: கட்டுவதற்குக் கிடைத்த கல் வலுவில்லாத கல். கடலோரத் திட்டுகளிலிருந்து வெட்டிய பவளக் கல்லை, யாழ்ப்பாணத்திலும் இராமேசுவரம் கரையிலும் முருகைக் கல் என்று சொல்வார்களே, அதைத்தான் இங்கும் அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லைக் கொண்டு ஐந்து மாடி எழுப்ப வேண்டும், அதுவும் உப்புக் காற்றும் புழுக்கமும் மிகுந்த ஊரில் எழுப்ப வேண்டும் என்பதால் ஏற்பட்ட தீர்வுகள்தாம் கீழே வரும் படிகள் அனைத்தும்.

படி 1: காற்றை முதலில் பார்த்தல்

அரபு வீடு என்றதும் நடுவில் நீரூற்றோடு கூடிய முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக ஒரு படம் நம் மனத்தில் எழுகிறது. அது டமாஸ்கஸுக்குப் பொருந்தும். வறண்ட வெப்பத்தில், இரவின் குளிர்ந்த காற்று முற்றத்தின் அடியில் தேங்கி, மறுநாள் முற்பகல் வரை வீட்டைக் காக்கும். ஜித்தாவின் வெப்பமோ சென்னையின் மே மாதத்தைப் போன்ற ஈர வெப்பம். இரவிலும் அது பெரிதாகத் தணிவதில்லை. இங்கே உடலுக்கு ஆறுதல் தருவது தேங்கிய குளிர்ச்சி அன்று, ஓடும் காற்று. எனவே அல்-பலத் வீடு முற்றத்தை விட்டுவிட்டு, கோபுரம்போல மேலே எழும்பி, தெருவை நோக்கித் திறந்துகொள்கிறது. முற்றத்தின் வேலையைப் படிக்கட்டுக் கூடு ஏற்றுக்கொள்கிறது: சூடான காற்று அதன் வழியே மேலேறி மொட்டைமாடியில் வெளியேற, தெருப்பக்கத்திலிருந்து புதிய காற்று அறைகளுக்குள் இழுக்கப்படுகிறது.

மனையைத் தேர்ந்தெடுத்த முஅல்லிம், அதாவது தலைமைக் கொத்தனார், வடமேற்கிலிருந்து வரும் கடற்காற்று எந்த முகப்பில் படும் என்பதைத்தான் முதலில் கவனித்தார். விருந்தினர் அமரும் அறைகளும் பெரிய சன்னல்களும் அந்த முகப்புக்கே போயின. தெருக்கள் குறுகலாக இருப்பது இட நெருக்கடியால் மட்டும் நேர்ந்ததன்று. எதிரெதிர் வீடுகள் ஒன்றன் நிழலை மற்றொன்றின் மேல் விழச் செய்கின்றன. ஒரே தெருவில் வீடுகளின் உயரம் ஏறியும் இறங்கியும் இருப்பதால் பின்வரிசை வீட்டின் மேல்மாடிக்கும் காற்றில் பங்கு கிடைத்தது.

படி 2: கல்லும் சுண்ணாம்பும்

ஊருக்கு வடக்கே இருந்த அல்-அர்பயீன் காயல் பகுதியிலிருந்து கல் வெட்டப்பட்டது. அந்தக் கல்லுக்கு மன்கபீ என்று பெயர். ஈரமாக இருக்கும்போது மென்மையாக இருப்பதால் கோடரி போன்ற கருவியாலேயே சதுரமாகப் பொளிய முடியும். வெயிலில் காயக் காய அது இறுகும். பூச்சு உதிர்ந்த ஒரு சுவரின் முன்னே நின்று பார்த்தால் தேன்கூடு போன்ற துளைகளையும், மூளையின் மடிப்பை ஒத்த வளைகோடுகளையும், இடையிடையே சிப்பித் துண்டுகளையும் காணலாம். விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டிக்கொள்ளும். எடை குறைவு என்பதும், துளைகளில் காற்று தங்குவதால் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதும் இக்கல்லின் நற்குணங்கள். ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சுவது அதன் குறை. அழுத்தம் கூடினால் நொறுங்கிவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை.

அதே கல்லைச் சூளையில் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைத்தது. இதை நூரா என்பார்கள். நம் ஊரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு தயாரித்தவர்களுக்கு இந்த வேலை முழுவதும் பழக்கமானதாகவே தோன்றும். கல்லைக் கல்லோடு பிணைக்கும் சாந்தில் அந்தக் காயலின் களிமண் சேர்ந்தது. கல், சுண்ணாம்பு, களிமண் மூன்றும் ஏறத்தாழ ஒரே கரையிலிருந்து வந்தவை. அந்த ஒற்றுமையின் பயன் பழுதுபார்க்கும் கட்டத்தில் தெரியவரும்.

மரம் மட்டும் உள்ளூரில் இல்லை. தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. அரபியில் அதற்கு ஸாஜ் என்று பெயர். கூரைக்கு வேண்டிய மெல்லிய உருளைக் கம்புகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் அலையாத்திக் காடுகளிலிருந்து வந்தன. அவற்றை அரபியர் ‘கன்தல்’ என்கிறார்கள். தமிழிலும் கண்டல் என்றால் அலையாத்தி மரம்தான் என்பதைப் படிக்கிறவர்கள் ஒரு கணம் நின்று ரசிக்கலாம்.

படி 3: அடித்தளம்

இதில் விரித்துச் சொல்ல அதிகமில்லை. உறுதியான பவளத் தரை தட்டும்வரை பள்ளம் எடுத்து, பெரிய கற்களைச் சாந்திட்டு நிரப்பினார்கள். ஐந்து மாடிக்கு இது ஆழமில்லாத அடித்தளம்தான். வசதியுள்ள வீடுகளில் தரைக்கு அடியில் நீர்த்தொட்டியும் கட்டப்பட்டது. ஆறோ ஏரியோ இல்லாத ஊரில் மழைநீரும், வெளியிலிருந்து வாங்கிய நீரும் அதில்தான் சேமிக்கப்பட்டன. குடத்தால் அளந்து செலவழித்த காலத்துக்கென்று கட்டிய வீடு இது என்பதை மறக்க வேண்டாம்.

படி 4: சுவரும் தகாலீலும்

அல்-பலத் கட்டுமானத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. கீழ்த்தளச் சுவர் ஏறத்தாழ 60 முதல் 80 செ.மீ. கனம். இரண்டு முகங்களிலும் சதுரக் கற்கள், நடுவே உடைகல்லும் சாந்தும் என்று வரிசை வரிசையாக ஏற்றுவார்கள். சுவர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்ததும் கல் வேலையை நிறுத்திவிட்டு, சுவரின் நீளம் முழுவதும் படுக்கைவாட்டில் மரச்சட்டங்களைப் பதிப்பார்கள். உள்முகத்தில் ஒன்று, வெளிமுகத்தில் ஒன்று. இரண்டையும் குறுக்குத் துண்டுகள் பிணைக்கும். ஏணியொன்றைச் சுவருக்குள் படுக்க வைத்ததைப் போன்ற அமைப்பு இது. இந்தச் சட்டங்களுக்குத் தகாலீல் என்று பெயர். அதன் மேல் மறுபடியும் ஒரு மீட்டர் கல், மறுபடியும் மரம்.

மரம் இங்கே நான்கு வேலைகளைச் செய்கிறது. மேலிருந்து வரும் பாரம் ஒரே கல்லில் குவியாமல் நீளவாட்டில் பரவுகிறது. முருகைக் கல் நொறுங்காமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். அடித்தளம் ஓரிடத்தில் சற்று இறங்கினால், விரிசல் கீழிருந்து மேல்வரை ஓடாமல் அடுத்த மரவரிசையில் நின்றுவிடுகிறது. மூலைகளில் சட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் சுவர்கள் வெளிப்புறமாகப் பிரிவதில்லை. நான்காவது, கொத்தனாருக்கான வசதி: ஒவ்வொரு மீட்டரிலும் அவருக்குப் புதிதாக ஒரு சமமட்டம் கிடைக்கிறது, கீழே நேர்ந்த சிறு கோணல் மேலே தொடர்வதில்லை. காங்கிரீட் கட்டடத்தில் லிண்டல் மட்டத்தில் பட்டை ஓட்டுகிறோமே, அதே சிந்தனைதான். இங்கே ஒரு மாடிக்கு மூன்று நான்கு முறை ஓட்டியிருக்கிறார்கள்.

மேலே போகப் போகச் சுவரின் கனம் குறையும். தெரு முகப்பிலோ சுவர் என்று சொல்லக்கூடியதே குறைவு. இடைவெளி விட்டு நிற்கும் தூண் போன்ற கல் பகுதிகளும், அவற்றுக்கு நடுவே உயரமான திறப்புகளும்தான் இருக்கும். அந்தத் திறப்புகள் எதற்கு என்பதை ஆறாம் படியில் பார்க்கலாம்.

படி 5: தளம் போடுதல்

அறையின் அகலத்தைத் தீர்மானித்தது கட்டடக் கலைஞரின் விருப்பமன்று, கண்டல் கம்பின் நீளம். ஏறத்தாழ 3 மீட்டருக்கு மேல் அந்தக் கம்பு வளைந்துவிடும். அதைவிட அகலமான கூடம் வேண்டுமென்றால் நடுவே தேக்கு உத்தரம் கொடுக்க வேண்டும்; அது பணக்காரர் வீட்டுக் கணக்கு. கம்புகளைச் சுவரின் மரச்சட்டத்தின் மேல் நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் பலகையோ பாயோ விரித்து, மண்ணைக் கொட்டி இடித்து, இறுதியில் சுண்ணாம்புக் காரை போட்டுத் தேய்ப்பார்கள். கம்புகள் நேரே கல்லில் அமராமல் சட்டத்தில் அமர்வதைக் கவனிக்கவும். தளத்தின் பாரமும் தகாலீல் வழியாகவே சுவருக்குள் இறங்குகிறது.

உள்ளமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. கதவைத் திறந்ததும் திஹ்லீஸ் என்ற நுழைவுக்கூடம். அதை ஒட்டி மக்அத் என்ற வரவேற்பறை. வணிகப் பேச்சும் வெளியாரின் வருகையும் இங்கேயே முடிந்துவிடும். குடும்பம் மேல்மாடிகளில் வாழ்ந்தது. ஹஜ் காலத்தில் கீழ்த்தளங்களைப் பயணிகளுக்கு விட்டுவிட்டுக் குடும்பம் மேலே ஒதுங்கிக்கொள்வதும் இதனால் எளிதாயிற்று.

படி 6: ரோஷன்

தெருவில் நிற்பவரின் கண்ணை முதலில் இழுப்பது ரோஷன் என்ற மரக்கூண்டுதான். பன்மையில் ரவாஷீன். எகிப்தின் மஷ்ரபியாவோடு இதை ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம். என் பார்வையில் அது சரியான ஒப்பீடு அன்று. மஷ்ரபியா கடைந்தெடுத்த மரக்குச்சிகளால் ஆன திரை. ஜித்தாவின் ரோஷனோ ஏறத்தாழ 60 செ.மீ. தெருவுக்குள் நீட்டிக்கொண்டு, தரையிலிருந்து கூரைவரை உயர்ந்து, ஒருவர் கால்நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமான ஒரு சிற்றறை.

தச்சர் இதைப் பட்டறையில் பகுதி பகுதியாகச் செய்து, பின்னர் முகப்பில் கோப்பார். முதலில் சுவரிலிருந்து நீட்டிய தாங்கிகளின் மேல் அடிப்பெட்டி அமரும். அதன் மேல் நிற்கும் சட்டங்களைப் பொருத்தி, இடையிடையே பலகைத் தகடுகள் சாய்வாக அமைந்த கதவுகளைச் செருகுவார்கள்; சில மேலே தூக்கப்படும், சில பக்கவாட்டில் திறக்கும். உச்சியில் வேலைப்பாடு நிறைந்த சிறு கூரை. நிலைச்சட்டங்கள் துளையும் கொளுவியுமாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஈரக் காற்றில் மரம் ஊதினாலும் சுருங்கினாலும் பிளந்துவிடுவதில்லை. ஆணியடித்து இறுக்கியிருந்தால் அத்தனை நாள் நின்றிருக்காது.

ஒரு பிற்பகலில் ரோஷனுக்குள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்வரிசைத் தகடுகளின் சந்து வழியே காற்று முழங்காலில் படுகிறது. சூரியன் நேரே உள்ளே வருவதில்லை. தகடுகளில் பட்டுச் சிதறிய வெளிச்சம் பாயின் மேல் வரிவரியாக விழுகிறது. தெருவில் போகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரிகிறது, உங்களை அவருக்குத் தெரிவதில்லை. காற்றுப்படும் ஓரத்தில் மண்கூஜா வைத்திருப்பார்கள்; கசியும் நீர் ஆவியாக ஆவியாக உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

கட்டுமானக் கணக்கிலும் ரோஷனுக்கு இடமுண்டு. நான்காம் படியில் சொன்ன உயரமான திறப்புகளைக் கல்லால் அடைத்திருந்தால் முகப்பின் எடை பெருமளவு கூடியிருக்கும். அந்த இடத்தில் மரம் வந்ததால் சுவர் இலகுவாயிற்று, கோபுரம் ஓரிரு மாடி கூடுதலாக எழும்ப முடிந்தது. ரோஷன்களை ஒன்றன் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வைத்ததும் இதற்காகவே: திறப்பின் மேல் திறப்பு, தூணின் மேல் தூண் என்று பாரம் நேராகக் கீழிறங்கும்.

படி 7: பூச்சும் கதவும் மொட்டைமாடியும்

சுவரின் இரு முகங்களிலும் நூராவால் பூசினார்கள். இந்தப் பூச்சு நிரந்தரமானது என்று யாரும் கருதவில்லை. கல்லுக்குள் புகுந்த ஈரம் வெளியே வரும்போது உப்பைத் தன்னோடு கொண்டுவரும். அந்த உப்பு பூச்சில் படிந்து பூச்சை உதிர்க்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். கல் பிழைத்திருக்கப் பூச்சு தேய்கிறது. வாசலைச் சுற்றி மட்டும் பூச்சைக் கனமாக ஏற்றி, அது முழுவதும் இறுகும் முன் கோலம்போன்ற வடிவங்களைச் செதுக்கினார்கள். கதவு இரட்டைத் தேக்குக் கதவு. பெரிய கதவைத் திறக்காமலே ஆள் குனிந்து நுழைய அதற்குள் ஒரு சிறு கதவு.

மொட்டைமாடி படுக்கையறைக்கு நிகரானது. மபீத் என்ற சிறு அறையும் திறந்த வெளியுமாக அமைத்து, அண்டை வீட்டார் பார்வை படாதபடியும் காற்று தடைப்படாதபடியும் துளையிட்ட கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். கோடை இரவுகளில் குடும்பமே அங்கேதான் உறங்கியது.

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரே இடத்தில் காண விரும்புபவர்கள் பைத் நஸீஃப் என்ற வீட்டுக்குச் செல்லலாம். 1872இல் தொடங்கி 1881இல் முடிக்கப்பட்ட இந்த வீட்டில் 106 அறைகள் உண்டு. 1925இல் ஜித்தாவைக் கைப்பற்றியபோது, பின்னர் சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஜீஸ் தங்கியது இங்கேதான். உள்ளே படிக்கட்டு அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கிறது. சுமையோடு ஒட்டகம் மேல்மாடிவரை ஏறும் என்று சொல்வார்கள். வாசலில் நிற்கும் மரத்தை நம்மவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், அது வேப்பமரம். மரமே அரிதாயிருந்த ஊரில் ‘மரம் உள்ள வீடு’ என்பதே அதன் முகவரியாக இருந்தது.

படி 8: பழுதுபார்த்தல்

1950களுக்குப் பிறகு செல்வர்கள் புதிய குடியிருப்புகளுக்கு நகர்ந்தார்கள். வீடுகள் வாடகைக்கு அறை அறையாகப் பிரிந்தன. நல்லெண்ணத்தோடு செய்த பழுதுகளே அவற்றில் பலவற்றைக் கெடுத்தன. உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே உப்பைப் படிய வைக்கிறது. பூச்சு உறுதியாக நிற்க, அதன் பின்னால் கல் பொடியாகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சிமெண்ட் பாளம் பாளமாக விழும்போது கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். போதாததற்குக் குழாய் நீர் வந்தது, கழிவுநீர் கசிந்தது, ஏசி இயந்திரத்தின் நீர் நாள் முழுவதும் சுவரில் சொட்டியது. குடத்தால் அளந்து வாழ்ந்த சுவர் இதை எப்படித் தாங்கும்?

எனவே பழுதுபார்ப்பவர் முதலில் தொட வேண்டியது சுவரையன்று, நீரை. மொட்டைமாடித் தளத்தின் விரிசல், குழாய்க் கசிவு, ஏசி நீர், அடித்தளத்தருகே தேங்கும் நீர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுச் சுவரைப் பல மாதங்கள் உலர விட வேண்டும். இந்தப் பொறுமை ஒப்பந்தக்காரர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

அடுத்து, தளங்களுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தகாலீலைச் சோதிக்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும், கறையான் அரித்த மரம் பொத்தென்றும் ஒலிக்கும். சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறதோ அங்கே சட்டம் உளுத்திருக்கும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே கனமுள்ள, நன்கு உலர்ந்து பதப்பட்ட மரத்தைக் கொளுவி இணைப்பால் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நீண்ட பகுதியைத் திறந்துவிடக் கூடாது. சட்டத்துக்குப் பதில் காங்கிரீட் பட்டை ஓட்டும் ஆசை பலருக்கு வரும். அது கனமானது, விறைப்பானது. மென்மையான கல் அதன் ஓரத்தில் நொறுங்கத் தொடங்கும்.

கல் மாற்ற வேண்டியிருந்தால், இடிந்த வீடுகளிலிருந்து சேகரித்த மன்கபீ கல்லையே பயன்படுத்துகிறார்கள். பவளத் திட்டுகளைப் புதிதாக வெட்டுவது இனி ஏற்கத்தக்கதன்று. சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே கரையில் பிறந்த கல்லும் சுண்ணாம்பும் களிமண்ணும் ஒன்றாகவே ஊதி ஒன்றாகவே சுருங்கும் என்று இரண்டாம் படியில் குறிப்பிட்டதன் பொருள் இதுதான். ரோஷனைக் கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டுப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணிடாமல் கழற்றிய ரோஷன் மீண்டும் ஏறுவது அரிது. 2019இல் 56 கட்டடங்களைக் காப்பதற்குச் சவூதி அரசு 5 கோடி ரியால் ஒதுக்கிய பிறகு, இப்படி முட்டுக்கொடுத்து நிற்கும் முகப்புகளை அல்-பலத்தில் பல இடங்களில் காணலாம். தகாலீல் வெளியே தெரியும் சுவரைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பில்லை.

பூச்சு கடைசி வேலை. நன்றாகப் புளித்த சுண்ணாம்பை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்தது என்று, வெயில் தணிந்த மாதங்களில் பூச வேண்டும். உச்சி வெயிலில் பூசினால் பிடிப்பதற்கு முன் காய்ந்து விரியும். முதல் கோடை கழிந்ததும் சுவரடியில் வெண்ணிற உப்புப் பூப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்தெடுத்து, உதிர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி மறுபடி பூசுங்கள். நீரால் கழுவிவிடாதீர்கள், கழுவினால் உப்பு கல்லுக்குள்ளேயே திரும்பிவிடும்.